மட்டக்களப்பிலிருந்து மெல்பேர்னுக்கு எத்தனை மணித்தியாலம்?

"கொழும்பிலிருந்து பத்தரை மணித்தியாலம்தான், அம்மா" என்று பிள்ளைகள் தொலைபேசியில் சொல்வதை வைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகும் எங்கள் ஊர்ப் பெற்றோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மகளின் பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் போகும் இவர்களில் அநேகர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பயண நேரத்தை வீட்டுப் படியிறங்கும் கணத்திலிருந்தே எண்ணவேண்டும்.

கொழும்பு விமான நிலையம் அமைந்திருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து மெல்பேர்ன் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 8,350 கிலோமீற்றர். ஸ்ரீலங்கன் விமான சேவை 2017 ஒக்டோபரில் நேரடிப் பறப்பைத் தொடங்கியது. குறுகிய வழியைப் பிடித்தால் இந்து சமுத்திரத்தின் மேல் ஏறத்தாழ 4,900 கிலோமீற்றர் தென்கிழக்காகப் பறந்து, மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத், கார்னார்வன் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட கரையை அடையலாம். நள்ளிரவில் ஏறி அயர்ந்து தூங்கியவர், காலையில் யன்னல் மூடியை உயர்த்திச் செம்மண் நிலத்தைக் கண்டதும் வந்து சேர்ந்துவிட்டதாகவே எண்ணுவார். ஆனால் அங்கிருந்தும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பறக்கவேண்டும்; கடல் கடந்த பிறகும் வழியில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சமிருக்கிறது.

இதற்கு முன்னதாக எங்கள் தரைவழி இருக்கிறது. வாழைச்சேனை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எனக் கட்டுநாயக்கவுக்குச் செல்லும் ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கு வான் வண்டியில் ஆறரை, ஏழு மணித்தியாலம் பிடிக்கும். கடலின் மேல் 4,900 கிலோமீற்றர் கடப்பதற்கோ ஆறு மணித்தியாலம் போதும். நள்ளிரவு விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தி நிற்பதானால், பிற்பகல் ஒரு மணிக்காவது வீட்டிலிருந்து புறப்படவேண்டும். மறுநாள் மெல்பேர்னில் இறங்கும்போது அங்கே பிற்பகல் மூன்று மணி. ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே வைப்பதால், அந்த மாதங்களில் நான்கு மணியாக இருக்கும். எங்கள் நேரப்படி அப்போது காலை பத்தரை. கடவுச்சீட்டு வரிசையும் உணவுப் பொருட் சோதனையும் முடித்து வெளியே வர, வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும்.

சிங்கப்பூர் வழியாகப் போனால் மொத்தத் தூரம் 400 கிலோமீற்றர் அளவே கூடும். காத்திருக்கும் நேரந்தான் பயணத்தை நீட்டிவிடும். பயணச்சீட்டின் விலை சற்றுக் கூடினாலும், முழங்கால் நோவுள்ள, ஆங்கிலம் பேசத் தயங்கும் ஒரு தாயைத் தனியே அனுப்புகிறவர்கள் நேரடி விமானத்தையே எடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கால் வீங்கும். இடைவழியில் எழுந்து அடிக்கடி நடப்பதற்கு வசதியாக நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

திரும்பி வரும்போது, தென் அவுஸ்திரேலியாவின் மேல் மேற்கிலிருந்து வீசும் உயர்காற்றை எதிர்த்துப் பறக்கவேண்டியிருப்பதால், பறக்கும் நேரம் சற்றுக் கூடும். மெல்பேர்னில் மாலை ஐந்து மணியளவில் புறப்படும் விமானம் கட்டுநாயக்கவில் இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் இறங்கும். அந்நேரத்தில் வான் பிடித்தால், காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் ஹபரணைப் பகுதியை விடியுமுன் கடக்க நேரும். ஆகையால் அருகிலுள்ள நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு, காலை உணவின் பின் புறப்படுமாறு ஏற்பாடு செய்யுங்கள்.