பின்னணிக் குரலை எடுத்த பிறகு

சேலத்தில் இருந்துகொண்டு ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களைப் பற்றி நண்பர் ஒருவர் சொந்தச் செலவில் எடுத்த படத்தின் முதல் வடிவத்தை, பழக்கப்படி, பின்னணிக் குரலோடுதான் அடுக்கினேன். மூடுபனியில் சில்வர் ஓக் மரங்கள் தெரியும். ஓர் ஆண் குரல் மலையைப் பற்றிச் சொல்லும். ஒரு பெண் பேசத் தொடங்குவார். இரண்டு வாக்கியங்களுக்குள் அவர் பேச்சின் ஒலியைத் தணித்து, அந்தக் குரலை மறுபடி ஏற்றிவிடுவேன். 1948இல் தொடங்கிய, அரசின் ஆவணப்பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டிவந்த காலத்திலிருந்தே நம் காதுக்குப் பழகிப்போன முறை அது. ஆவணப்படம் என்றால் இப்படித்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.

அந்த வடிவத்தை, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் முன்னால் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினோம். முடிந்ததும் வயதில் மூத்த ஒரு பெண், "நாங்க பேசிக்கிட்டு இருக்கறப்பவே அந்த ஆளு எதுக்குக் கண்ணு குறுக்க பேசறாரு? அவரு எந்த ஊரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் குரலுக்கு ஊரே கிடையாது. ஊரில்லாத காரணத்தால்தான் அது சொல்வதெல்லாம் மறுக்க முடியாததாக ஒலித்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மோரனும் 1961இல் வெளிவந்த தங்கள் பாரிஸ் படத்தில், பங்கேற்றவர்களுக்கே காட்சிகளைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன மறுப்புகளையும் படத்துக்குள் வைத்தார்கள் என்று எப்போதோ படித்திருந்தேன். நல்லவேளையாக நண்பர் அன்றிரவு கேமராவை நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் கேள்வி இப்போது படத்தில் இருக்கிறது.

குரலை எடுத்ததும் படம் ஆங்காங்கே ஓட்டையாகத் தெரிந்தது. எந்த இடத்தையெல்லாம் நான் சொற்களால் மூடியிருந்தேன் என்பதை அந்த ஓட்டைகளே காட்டிக்கொடுத்தன. முக்கியமானது மாலையில் பழம் எடை போடும் காட்சி. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த வரலாற்றை அதன்மேல்தான் ஓட்டியிருந்தேன். வரலாறு தவறில்லை, ஆனால் அதன் கீழே மேஸ்திரி ஒவ்வொரு மூட்டைக்கும் எடையைச் சொல்வதும், அந்தப் பெண்கள் அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்காமல் போயிருந்தன. இம்முறை ஒரே ஷாட்டாக, வெட்டாமல், நான்கு நிமிடம் விட்டேன். அரைமணி நேர ஒளிபரப்புக்குப் படம் நீளம் என்று ஒரு தொலைக்காட்சி திருப்பி அனுப்பியது. நண்பர் ஒரு நொடியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

புதிய வடிவத்தை அதே இடத்தில் போட்டபோது, எடைக் காட்சியில் கூட்டம் அமைதியானது. முன்பு கேள்வி கேட்ட அதே அம்மா எழுந்து திரைக்கு அருகில் போய், "சாக்கு எடைக்குன்னு கழிச்சாரு பாருங்க, ஒவ்வொரு மூட்டைக்கும். இதைத்தான் அன்னைக்கே சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றார்.