அடிமட்டம் வருவதற்கு முன்

பாடசாலை மலருக்கு எழுதுகிறவர்கள் அதிபரை எழுதுவார்கள், விளையாட்டுப் போட்டியை எழுதுவார்கள், பரிசளிப்பு விழாவை எழுதுவார்கள். உயர்தர வகுப்புக்குக் கீழே இறங்குபவர்கள் குறைவு. நான் பாலர் வகுப்பு வரைக்கும் இறங்கப் போகிறேன், அதிலும் 'நீளம்' படித்த நாட்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதே எனக்குத் தொழிலாகிப் போனதால், அன்று விளையாட்டென்று நினைத்தவை இன்று வேறு மாதிரித் தெரிகின்றன.

எங்கள் ரீச்சர் அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, கண்ணிலேயே காட்டவில்லை. இரண்டு பென்சில்களை மேசையில் வைப்பார். ஒன்றின் கூர் சற்று முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். "எது நீளம்?" என்றதும் வகுப்பு முழுக்க அதைத்தான் காட்டிக் கத்தும். அவர் சரியென்றும் சொல்லமாட்டார், பிழையென்றும் சொல்லமாட்டார். ஒரு கொப்பியை நிமிர்த்திப் பிடித்து, "இதுதான் சுவர். ரெண்டையும் சுவரில முட்டவிட்டுட்டுச் சொல்லுங்கோ பாப்பம்" என்பார். அடிப்பக்கம் இரண்டும் கொப்பியில் 'டக்'கென்று முட்டும். முந்தி நின்ற பென்சில் பிந்திப் போயிருக்கும். அந்த ஒரு 'டக்'குக்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

சின்னப் பிள்ளையின் கண் நுனியில்தான் போய் நிற்கும். எந்த நுனி வெளியே நீட்டுகிறதோ அதுவே நீளமானது. மறுபக்கம் என்று ஒன்று இருப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. சுவிஸ் உளவியலாளர் பியாஜேயும் அவருடன் வேலை செய்தவர்களும் 1948இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு சமமான குச்சிகளைச் சேர்த்து வைத்தால் சமம் என்று சொல்லும் பிள்ளை, ஒன்றைச் சற்றுத் தள்ளியதும் தள்ளியதுதான் நீளம் என்று மாற்றிச் சொல்லும். ஏறத்தாழ ஏழு வயதில்தான் இது தெளிகிறது என்பது அவர்கள் முடிவு. 1974இல் மகாரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் அதே சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார்கள். பெரியவர் குச்சியைத் தள்ளாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்துவிட்டதுபோலக் காட்டினார்கள். அப்போது அதே வயதில் கூடுதலான பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை நகர்த்திவிட்டுத் திரும்பவும் கேட்டால், பதிலை மாற்றச் சொல்கிறார் என்றுதானே பிள்ளை நினைக்கும்! எங்கள் ரீச்சர் இதைப் படித்திருப்பாரோ தெரியாது. ஆனால் அவர் தன் கையால் பென்சிலை நகர்த்தமாட்டார். "நீயே தள்ளிப் பார், நீயே திருப்பி வை" என்பார்.

நூலும் அப்படித்தான். பாம்புபோல நெளித்து வைத்த நூலின் இரண்டு முனையும் பக்கத்திலிருந்த குச்சியின் முனைகளோடு ஒத்து நிற்கும். சமம் என்று சொல்லி முடித்ததும் நூலை இழுத்து நிமிர்த்தச் சொல்வார். பிறகு அதே நூலைக் கொண்டு கரும்பலகையையும் யன்னலையும் ஒப்பிட்டோம். தூக்கி வந்து பக்கத்தில் வைக்க முடியாதவற்றுக்கு நூல்தான் தூது. மூன்றாவது பொருள் ஒன்றைக் கொண்டு இரண்டை ஒப்பிடுவது அந்த வயதுக்குப் பெரிய காரியம் என்பது இப்போதுதான் புரிகிறது.

பாதத்தால் அளந்த நாளில் பெரிய சண்டை. ரீச்சர் குதியோடு விரல் முட்ட நடந்து வகுப்பறையை அளந்தார், நாங்களும் அளந்தோம். எங்கள் எண்ணிக்கைதான் கூட, ஆகவே எங்கள் வகுப்பறைதான் பெரிது என்று வாதாடினோம். ஒரே அறை! யாருடைய பாதம் என்ற இதே தொல்லைக்காகத்தான் 1889இல் பிளாட்டினம்-இரிடியம் கோல் ஒன்றை மீற்றர் என்று நாடுகள் ஏற்றுக்கொண்டன போலும். நாங்கள் ஒரு கயிற்றுத் துண்டை ஏற்றுக்கொண்டோம்.

அடிமட்டத்துக்கு முந்திய கடைசிப் படி, எரிந்த தீக்குச்சிகளை மேசை விளிம்பில் வரிசையாக அடுக்குவது. இடைவெளி விட்டு அடுக்கினால் குச்சி குறையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கூடும். இது சலிப்பான வேலை, மேசைக்குக் கீழே விழுந்த குச்சிகளைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகும். ஆனால் முழுப் பாடத்திலும் இதைத்தான் நான் மிக முக்கியமானதாக வைப்பேன். இன்றைய அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான். பிள்ளை வந்த கிழமையே கையில் அடிமட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை ஒன்று என்ற கோட்டிலிருந்து அளக்கிறது, அல்லது முனை எங்கே முடிகிறதோ அந்த எண்ணை வாசித்துவிட்டுப் போகிறது.

என் வகுப்பில் முன்பக்கம் முறிந்த அடிமட்டம் ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். அது 3இல் தொடங்குகிறது. பென்சில் 3இலிருந்து 9 வரை கிடக்கும். "ஒன்பது" என்று உடனே சொல்லும் பிள்ளைகளைத் திருத்துவதில்லை, தீக்குச்சிப் பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன். குச்சி அடுக்கிப் பழகிய பிள்ளைகள் எண்ணைப் பார்ப்பதில்லை. விரலை வைத்து இடைவெளிகளை ஒவ்வொன்றாக எண்ணி, "ஆறு" என்கிறார்கள்.