சுந்தனுக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தை

அப்பா இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, "ராத்திரி என்ன சாப்பிட்டார்?" என்றுதான். சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் முந்தின இரவு அவர் ஆசைப்பட்டார் என்று வற்றல் குழம்பு வைத்துப் பரிமாறியது நான். மாரடைப்புக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். மனசு கேட்கவில்லை. மூன்று வருடமாக அந்தக் குழம்பை நான் வைக்கவே இல்லை.

குசிநகருக்குப் போனது அதனால்தான். புத்தர் பிறந்த லும்பினியையும் ஞானம் பெற்ற புத்தகயாவையும் விட, அவர் உயிர் நீத்த இடத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் கரும்பு வயல்.

மகாபரிநிர்வாணக் கோயில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இப்போதைய கட்டடம், புத்தரின் பரிநிர்வாணத்தின், அதாவது மறைவின், 2500ஆவது ஆண்டையொட்டி 1956இல் இந்திய அரசு கட்டியது. உள்ளே ஒரே ஒரு மண்டபம், அதை நிறைத்துக்கொண்டு படுத்திருக்கும் புத்தர். ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். 5ஆம் நூற்றாண்டுச் சிலை இது. ஹரிபலர் என்ற பிக்குவின் கொடை என்று பீடத்துக் கல்வெட்டு சொல்கிறது. 1876இல் கார்லைல் என்ற ஆங்கிலேயர் தோண்டியெடுத்தபோது சிலை துண்டு துண்டாகக் கிடந்ததாம். ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

வலப்பக்கமாகச் சாய்ந்து, வடக்கே தலைவைத்து, மேற்கே பார்த்த முகம். வடக்கே தலைவைக்காதே என்று எங்கள் பாட்டி விரட்டுவாள். இங்கே அந்தத் திசையைத் தாமே கேட்டு, இரண்டு சால மரங்களுக்கு நடுவே படுக்கை விரிக்கச் சொன்னார் புத்தர். பருவம் தப்பி அந்த மரங்கள் பூத்து, அவர் மேல் பூச்சொரிந்தன என்பது ஐதீகம்.

பாதத்தருகே உட்கார்ந்தேன். இலங்கையிலிருந்து வந்த ஒரு குழு பாலி மொழியில் ஓதியபடி, மஞ்சள் பட்டுத் துணியைக் கழுத்துவரை போர்த்திவிட்டது. உடம்பு முடியாதவருக்குப் போர்த்திவிடுவது போலவே இருந்தது.

அந்தக் கடைசி நாட்களில் புத்தருக்கு 80 வயது. பாவா என்ற ஊரில் சுந்தன் என்ற கொல்லர் அவரை விருந்துக்கு அழைத்தார். சூகரமத்தவம் என்ற பண்டத்தைப் பரிமாறினார். அது பன்றி இறைச்சியா, காளானா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அந்தப் பண்டத்தைத் தமக்கு மட்டும் போடச் சொல்லி, மீதியைக் குழியில் புதைக்கச் சொன்னார் அவர். பிறகு ரத்தபேதி, கடும் வலி. அந்த நிலையிலும் குசிநகரை நோக்கி நடந்தார். தாகம் தாங்காமல் சீடர் ஆனந்தரிடம் தண்ணீர் கேட்டார். வழியில் ஓர் ஆற்றில் குளித்துவிட்டுப் படுத்தவர், சுந்தனைப் பற்றித்தான் பேசினார்.

"உன் வீட்டில் சாப்பிட்டதால்தானே போனார் என்று யாராவது அவனிடம் சொல்லக்கூடும். அவன் மனம் வருந்தக்கூடாது. ஞானம் பெறுவதற்கு முன் எனக்குக் கிடைத்த உணவும், பரிநிர்வாணத்துக்கு முன் கிடைத்த உணவும் சம பலன் உடையவை, மற்ற எல்லாத் தானத்தையும் விடப் பெரியவை என்று அவனிடம் சொல்லுங்கள்." ஆனந்தரிடம் அவர் சொன்னதன் சாரம் இது. அதாவது ஞானம் பெறுவதற்கு முன் சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோறும் சுந்தன் இட்ட சோறும் ஒன்று.

2500 வருடத்துக்கு முன்பே அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கிறார். "ராத்திரி என்ன சாப்பிட்டார்?" பாதத்தைப் பார்த்தபடியே அழுதேன்.

ஆனந்தரும் அழுதார். 25 வருடம் கூடவே இருந்து பணிவிடை செய்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டு, பிரியமானவை எல்லாம் பிரியும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்றார். உடனே, இத்தனை காலம் அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டாய் என்றும் சொன்னார். நிலையாமையை இப்படிச் சொன்னால்தான் எனக்குப் புரிகிறது.

அன்றிரவே சுபத்தர் என்ற துறவி சந்தேகம் கேட்க வந்தார். தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஆனந்தர் மூன்று முறை தடுத்தார். காதில் விழுந்ததும், வரவிடு என்றார் புத்தர். தாம் காட்டிய எண்வழிப் பாதை என்ற ஒழுக்க நெறி இருக்கும் இடத்தில்தான் உண்மையான துறவி இருப்பார் என்று உபதேசித்து, தம் கடைசிச் சீடராக்கிக்கொண்டார். நற்பார்வை, நல்லெண்ணம், நற்சொல் என்று தொடங்கும் அதே பாதை. சாரநாத்தில் முதல் உபதேசத்தில் சொன்னதைக் கடைசி இரவிலும் சொன்னார். உருவானவை அனைத்தும் அழியும், விழிப்போடு முயலுங்கள் என்பதோடு பேச்சு நின்றது.

சாயங்காலம், அவரைத் தகனம் செய்த ராமாபர் ஸ்தூபிக்குப் போய் மூன்று சுற்று வந்தேன். பெரிய செங்கல் மேடு. அங்கே அந்த இலங்கைக் குழுவை மறுபடி பார்த்தேன். நாளைக் காலை பிக்குகளுக்கு அன்னதானம், நீங்களும் வாருங்கள் என்றார் ஓர் அம்மா.

போனேன். வரிசையாகப் பிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா சோற்றுக் கரண்டியை என் கையில் கொடுத்தார். முதலில் கை நடுங்கியது. அப்புறம், வயதான ஒரு பிக்கு போதும் என்று பாத்திரத்தின் மேல் கையை வைக்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.