தண்ணீர் வருவதற்குள்: ஒரு யார்டு நாட்குறிப்பு

ஏப்ரல் 21, 2025, திங்கள்

நீடாமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் பிரீகாஸ்ட் யார்டில் (கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்து வைக்கும் இடம்) இன்று நடந்து எண்ணினேன். இரண்டு மீட்டர் பாக்ஸ் கல்வெர்ட், அதாவது தண்ணீர் உள்ளே ஓடும் கான்கிரீட் பெட்டி, 62 கிடக்கிறது. வாய்க்கால் சைட்டில் கேட்பதோ ஒன்றரை மீட்டர். அது ஒன்றுகூட இல்லை. பெரிய மோல்டு காலியாக இருந்தது, கம்பியும் கையில் இருந்தது, போட்டுத் தள்ளிவிட்டோம். ஒவ்வொன்றும் நாலரை டன் பக்கம். சும்மா இடம் மாற்றவே ஹைட்ரா கிரேன் வேண்டும். இப்போதைக்கு அவற்றால் பயன் ஆடுகளுக்குத்தான். வெயில் ஏறினால் உள்ளே போய்ப் படுத்து அசை போடுகின்றன.

ஜனவரி 28-இல் மேட்டூரை மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். வாய்க்காலில் கை வைக்க அந்த இடைவெளிதான் உண்டு. அதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதற்குள் பொறியாளரை நிற்க வைத்து, மணிக்கணக்கில் வேலையைப் பார்க்கச் சொல்வாராம். எங்கள் வண்டல் புழுதியில் சாக்பீஸ் எங்கே பிடிக்கும்? பூவரச மரத்தடியில் நின்றேன். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரே மோல்டு.

அந்த நாலு மணி நேரத்தில் அதன்மேல் ஆள் கை பட்டது ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். ஹைட்ராவுக்காக 50 நிமிடம் காத்திருப்பு. கம்பிக் கூட்டை எண்பது மீட்டர் தள்ளியிருந்து ஆறு பேர் தூக்கி வந்தார்கள், நடுவில் இரண்டு முறை இறக்கி வைத்து. கவர் பிளாக் (கம்பி மோல்டில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை) எடுக்க ஸ்டோருக்குப் போனவர் சாவி இல்லாமல் திரும்பினார். யாரும் சோம்பேறி இல்லை. எல்லார் சட்டையும் நனைந்திருந்தது. விரயத்தைக் குறைக்கும் டொயோட்டா வழியான 'லீன்' சொல்லும் ஏழு விரயங்களில் காத்திருப்பு, சுமப்பு, வீண் நடை மூன்றையும் ஒரே காலையில் பார்த்தாயிற்று. மிகையுற்பத்தி அந்தப் பக்கம் ஆடுகளோடு கிடந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கம்பி வளைக்கும் மேசையை மோல்டுக்குப் பக்கத்தில் மாற்றினோம். ஒரு நாள் வார்ப்பு போயிற்று; மானேஜர் முகம் சரியில்லை. கவர் பிளாக் போட்டு வைக்க ஒவ்வொரு மோல்டுக்கும் ஒரு பழைய பெயிண்ட் டப்பா.

அப்புறம் அட்டை. சைட்டில் ஒரு பாக்ஸ் இறங்கினால் அதன் அட்டை டிரைவரிடம் திரும்பி வரும். அட்டை வந்தால்தான் அடுத்ததை வார்க்கலாம். இதற்குப் பெயர் கான்பான் என்று விளக்க ஆரம்பித்தேன். மேஸ்திரி மறித்தார்: "எத்தனை ஆளு நடவுக்கு வர்றாங்களோ அதுக்குத் தக்கனதானே நாத்து பறிப்போம்? மிச்சம் பறிச்சுப் போட்டா வாடிப் போவும். இதுக்கு ஜப்பான்காரன் எதுக்கு தம்பி?"

அதோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

வாரக் கூட்டம். கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் கட்டுமானத்துக்கென்றே உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' முறைதான். மேலே இருப்பவர் தேதி போட்டு அனுப்புவதற்குப் பதில், வேலை வாங்குகிற மேஸ்திரியே இந்த வாரம் எது முடியும் என்று வாக்குக் கொடுப்பார். போன வாரத்து 14 வாக்கில் நிறைவேறியது 8. அதாவது 57 சதவீதம். முடியாத ஆறுக்கும் காரணத்தைப் பலகையில் எழுதினோம்: ஜல்லி வராதது இரண்டு, ஹைட்ரா பழுது இரண்டு, டிராயிங் மாறியது ஒன்று. ஆறாவதை மேஸ்திரி சொல்ல நானே எழுத வேண்டியதாயிற்று: "இன்ஜினியர் கியூப் ரிசல்ட் (கான்கிரீட் பலச் சோதனை முடிவு) சொல்ல மறந்தார்."

மே 15, வியாழன்

இன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கையிருப்பு இல்லாமல் ஓட்டலாம் என்ற ஆசையில் சைட்டில் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் வைத்திருந்தேன். கோடை நெல்லைச் சாலையில் பாதி அகலத்துக்குக் காய வைத்திருந்தார்கள். டிரெய்லர் போக வழியில்லை. நெல்லின் மேல் சக்கரத்தை ஏற்ற எந்த டிரைவருக்கும் மனசு வராது. சாயங்காலம் அவர்கள் குவித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அங்கே சைட் கிரேனுக்கு முழுநாள் வாடகை.

டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள் பலர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஆற்றங்கரைச் சாலை. போதாக்குறைக்கு, மோல்டைப் பிரித்த பிறகும் கான்கிரீட் பலம் ஏற நாள் பிடிக்கும். அந்த க்யூரிங் நாட்களை அட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என் தப்பு. அட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன். இனி சைட்டில் இரண்டு நாள் சரக்கு. இதை விரயம் என்று யாராவது சொன்னால் அந்தச் சாலையில் ஒருநாள் டிரெய்லர் ஓட்டட்டும்.

ஜூன் 4, புதன்

கடைசி ஒன்றரை மீட்டர் பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. இணைப்பைப் பூசி முடித்து மண் தள்ளுகிறார்கள். இந்த வாரம் 14-க்கு 11. இரண்டு மீட்டரில் 21 வேறு சைட்டுக்குப் போயிற்று. மீதி 41, ஆடுகளுக்கு இன்னும் தாராளம்.

மாலை மானேஜர் வந்தார். "மோல்டு சும்மாதானே கெடக்கு, பெரிய பாக்ஸ் ஒரு பத்து போட்டு வச்சுருவோமா?"

"அட்டை வரலையே சார்."

பதில் சொல்லாமல் போய்விட்டார். நாளைக் காலை வந்ததும் பெரிய மோல்டில் எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.