"நாங்கதானே சிஸ்டர் முதல்ல வந்தோம்?"

அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளை நிலைமையின் தீவிரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும்போது இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. கோபம் நியாயம்தான், வலி அவர்களுடையது. ஆனால் கத்துகிறவருக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் ஓரமாக உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளி அம்மாவைப் பார்த்துத்தான். "கேஸ் டிரபிள்மா, ஒரு ஊசி போட்டா போதும்" என்பார். நெற்றி வியர்த்திருக்கும், கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடிய உடம்பு அது. வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும். அதனால் அவரைத்தான் முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போவோம்.

கை முறிந்த தம்பிக்கு அசையாமல் கட்டுப் போட்டு, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அப்புறம் திரும்ப வந்து பார்ப்போம். நிலைமை மாறினால் நிறமும் மாறும். காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ தயங்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.