ஷாங்காய் மெட்ரோவும் நான்கு திசைச் சொற்களும்

ஷாங்காய்க்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: சீன மொழி தெரியாமல் எப்படி ஊர் சுற்றப் போகிறாய்? எட்டு நாள் அங்கே தங்கி, பார்க்க நினைத்த எல்லா இடங்களுக்கும் மெட்ரோவிலேயே போய்வந்துவிட்டேன். இனி போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் கண்டதையும் கற்றதையும் எழுதிவைக்கிறேன்.

1993இல் முதல் வழித்தடத்துடன் தொடங்கிய ஷாங்காய் மெட்ரோ இன்று 800 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்திருக்கிறது. அதன் வரைபடத்தை முதன்முதலாகப் பார்க்கிறவருக்குக் கண் கட்டிவிடும். ஆனால் சுற்றுலாப் பயணி பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பகுதி இரண்டாம் வழித்தடத்திலும் பத்தாம் வழித்தடத்திலுமே அடங்கிவிடுகிறது. பூதோங் விமான நிலையத்திலிருந்து, காந்த விசையால் மிதந்து ஓடும் மேக்லெவ் ரயிலில் ஏறினால் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லோங்யாங் ரோடு நிலையத்தை ஏறத்தாழ 8 நிமிடத்தில் அடைந்துவிடலாம். ஆயினும் அங்கே இறங்கி மீண்டும் மெட்ரோவுக்கு மாறியாக வேண்டும். பெட்டியும் பையுமாக வந்து இறங்குகிறவர்களுக்கு, ஒரு மணி நேரம் ஆனாலும் நகரின் நடுவிலேயே கொண்டுபோய்விடும் இரண்டாம் வழித்தடமே வசதி. ஊர் திரும்பும் நாளில் மட்டும் ஒரு கவனம் தேவை: அந்த வழித்தடத்தின் எல்லா வண்டிகளும் விமான நிலையம் வரை போவதில்லை, சில குவாங்லான் ரோடு நிலையத்தோடு நின்றுவிடும்.

கட்டணம் 3 யுவானில் தொடங்குகிறது. முதல் 6 கிலோமீட்டருக்கு அது போதும். அதன்பின் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான் கூடும். அலிபே செயலியில் நம் கடன் அட்டையை இணைத்துக்கொண்டால், நுழையும்போதும் வெளியேறும்போதும் கைப்பேசியில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைக் காட்டினாலே போதும். வெளியேறவும் அதே குறியீடு வேண்டும் என்பதால் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். நுழைவாயிலில் ஒவ்வொரு முறையும் பையை எக்ஸ்ரே சோதனைக்கு வைக்க வேண்டும். அதற்குரிய நேரத்தையும் சேர்த்தே கிளம்ப வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். நிலையப் பெயர்கள் ரோமன் எழுத்திலும் இருக்கின்றன, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் வருகின்றன. அதற்கு மேல் தேவைப்படுவது நான்கு சொற்கள்தான். பெய் என்றால் வடக்கு, நான் என்றால் தெற்கு, தோங் என்றால் கிழக்கு, ஷி என்றால் மேற்கு. பெய்ஜிங் என்பது வட தலைநகர், நான்ஜிங் என்பது தென் தலைநகர். ஆக, நான்கில் இரண்டு நமக்கு முன்பே தெரிந்த சொற்கள்தாம். சாலை என்பதற்கு லூ. நான்ஜிங் தோங் லூ நிலையத்தில் இறங்கினால் ஆற்றங்கரையிலுள்ள பண்ட் நடைபாதைக்கு நடந்தே போகலாம். நான்ஜிங் ஷி லூ என்பது அதற்கு இரண்டு நிலையம் மேற்கே இருக்கும் வேறோர் இடம். இந்த ஒரு சொல் வேறுபாட்டைக் காது பிடித்துக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஒருமுறை தவறினேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த யூதர்களின் நினைவாக அமைந்துள்ள அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்காக, நான்காம் வழித்தடத்திலுள்ள தாலியன் ரோடு போக எண்ணிச் சோங்ஷான் பார்க் நிலையத்தில் வண்டி ஏறினேன். மூன்றாம் வழித்தடமும் நான்காம் வழித்தடமும் ஒன்பது நிலையங்களுக்கு ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒரே நடைமேடைக்கு இரண்டின் வண்டிகளும் மாறி மாறி வரும். நான்காவதன் நிறம் ஊதா, மூன்றாவதன் நிறம் மஞ்சள். நான் ஏறியது மஞ்சள் வண்டியில். பாவ்ஷான் ரோடு நிலையத்தைத் தாண்டியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஹோங்கோவ் கால்பந்து மைதான நிலையத்தின் பெயரைக் கேட்ட பிறகுதான் பிழை புரிந்தது. எதிர்த்திசை வண்டியில் பாவ்ஷான் ரோடுக்குத் திரும்பி, ஊதா நிறக் கோட்டைக் கண்ணால் பார்த்த பின்பே மறுபடி ஏறினேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளிவாசல் எண். முதல், இரண்டாம், எட்டாம் வழித்தடங்கள் சந்திக்கும் மக்கள் சதுக்க நிலையத்தில் வாசல்கள் ஏராளம். தவறான வாசலில் ஏறிவிட்டால் அகன்ற சாலைகளைக் கடந்து நெடுந்தூரம் நடக்க நேரும். ஒவ்வொரு வாசல் பலகையிலும் எண்ணுக்கு அருகே சிறு சதுரம் போன்ற ஓர் எழுத்து இருக்கும். வாய் என்று பொருள்படும் அந்த எழுத்தே வாசலையும் குறிக்கிறது. வாயிலிருந்து வாயிலைப் பெற்ற மொழிக்காரனான எனக்கு அதைத் தெரிந்துகொண்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அன்றுமுதல், காலையில் விடுதியைவிட்டுக் கிளம்பும் முன் அன்றைக்குப் போக வேண்டிய நிலையங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணையும், அதன் பக்கத்தில் அந்தச் சின்னச் சதுரத்தையும் என் கையாலேயே வரைந்து வைத்துக்கொண்டேன்.