அந்தப் பொடியன் என்ன சொன்னான்?

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்று வட்ஸப்பில் செய்தி வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். எழுதினால் இதைத்தான் எழுதவேண்டும் என்று தெரிந்ததாலேயே தள்ளிப்போட்டு வந்தேன்.

1985. மதில்களிலெல்லாம் இயக்கங்களின் நோட்டீஸ் ஒட்டியிருந்த காலம். வெள்ளிக்கிழமை தமிழ் மன்றத்தில் தியாகம் பற்றிப் பேசினேன். புறநானூறு 279, ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. ஒருத்தியின் தமையன் முன்னொரு போரில் போய்விட்டான், கணவன் நேற்று. இன்றைக்கும் பறை கேட்கிறது. ஒரே மகன் கையில் வேல் கொடுத்து, வெள்ளை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் தடவி, ‘போ’ என்று விடுகிறாள்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சேர் தட்டவில்லை. திங்கள் முதலாம் பாடத்தில் என்னை எழுப்பினார்.

“தம்பி, அந்தப் பாட்டிலை பொடியன் என்ன சொல்லுறான்?”

தேடினேன். தாய் அனுப்புகிறாள், புலவர் வியக்கிறார். மகன் வாய் திறப்பதேயில்லை.

“278ஐயும் பாரும். பிள்ளை வெட்டுப்பட்டுக் கிடக்குது. கதைக்கிறது ஊரும் தாயும். தன்னைக் குடுக்கிறதுதான் தியாகம் எண்டு பேசினீர். இவனைக் குடுத்தது ஆர்?”

பாடம் முடியும்வரை நின்றேன். பயந்த மனிதர் என்று அவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன். நான் பேசிய பாட்டு ‘கெடுக சிந்தை’, இவள் சிந்தை கெடட்டும், என்று தொடங்குகிறது. மேடையில் அதை விட்டுவிட்டுத்தான் பேசியிருந்தேன். வியப்பில் சொன்னது என்பார்கள். சரி, ஆனால் அந்த வியப்புக்குள் ஒரு நடுக்கமும் இருப்பதாகவே இப்போது எனக்குப் படுகிறது.

இரண்டு மாதத்தில் என் பக்கத்துக் கதிரை வெறுமையானது. என் பேச்சுக்கு முதலில் கை தட்டியவன் அவன். அடுத்த வருடம் அம்மா தாலிக்கொடியை விற்று என்னை வெளியே அனுப்பினார். என்னைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் இருக்கிறேன்.

சேருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை.

2011இல் ஊருக்குப் போனபோது நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா எந்த வேலும் எடுத்துக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிறான் என்று நினைத்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறார். தேத்தண்ணி தந்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“தம்பி, அண்டைக்கு அவன் உனக்கு ஏதும் சொன்னவனே?”